படம் ஒன்று சொல்ல, பார்ப்பவர் வேறொன்று சொல்ல: படக்குறி எழுத்துருவில் வரும் பிழைகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்தில் இருக்கும் என் மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மாதம் ஒரு தாள் என்னிடமிருந்து அவருக்குப் போகும், அதை அவர் யார் உதவியும் இல்லாமல் படித்துவிடுவார். வேலை கிடைத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் தேறியது, கடன் பாதி அடைந்தது, இன்னும் காத்திருக்கிறோம் என்று வீட்டுச் சங்கதிகளைச் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாகத் தட்டச்சு செய்து அச்சடித்து அனுப்புகிறேன். அதற்காக நாகர்கோவிலில் உட்கார்ந்து நானே ஒரு படக்குறி எழுத்துரு, அதாவது விசையைத் தட்டினால் எழுத்துக்குப் பதில் படம் வரும் எழுத்துரு, செய்தேன். இங்க்ஸ்கேப் என்ற வரையும் செயலியில் வரைந்து, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு செய்யும் செயலியில் சேர்த்தேன். இரண்டுமே இலவசம்.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நான் பட்ட சிக்கல்களை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அங்கே போய்ப் படித்தால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. சரியில்லாத குறியை மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக அச்சடித்து, அந்தப் படத்தை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லக்கூடாது, தலையாட்டவும் கூடாது. பெரிதாகப் பார்த்தும் தவறாகச் சொன்னால் பிழை வரைந்த கருத்தில் இருக்கிறது. பெரிதாக இருக்கும்போது சரியாகச் சொல்லி, தாளில் வரிக்குள் வரும்போது மட்டும் தடுமாறினால் பிழை கோப்பில் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் முதல் இரண்டு மாதம் நான் கோப்பைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். என் பிழைகளில் பாதிக்கு மேல் கருத்தில்தான் இருந்தன.

படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் வேறு பொருளாகப் படிக்கிறார்கள்

காத்திருப்பு என்ற கருத்துக்கு நான் முதலில் வரைந்தது மணல் கடிகாரம். கணினித் திரையில் நாம் எல்லோரும் பார்த்துப் பழகியது. மாமி தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உடுக்கை இல்லியா மக்களே? எந்தக் கோயில்ல கொடை?" என்று கேட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மணல் கடிகாரத்தை வாழ்நாளில் கையால் தொடாத ஒருவருக்கு அந்த வடிவம் உடுக்கைதான்.

இதற்குத் தீர்வு படத்தை இன்னும் அழகாக வரைவது இல்லை, பொருளையே மாற்றுவதுதான். கருத்துக்குக் கண் கிடையாது, கைக்கும் அகப்படாது. எனவே அந்தக் கருத்து நடக்கும் நேரத்தில் அந்த மனிதர் கையில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். மாமியிடம், "நீங்க எப்ப காத்துக்கிட்டு இருப்பீங்க, அப்ப பக்கத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டேன். "வள்ளம் வரும்வரை காலிக் கூடை" என்றார். காலிக் கூடையும் அதன் முன்னால் ஓர் அலைக்கோடும்: எங்கள் எழுத்துருவில் காத்திருப்பு இதுதான். அதே கூடையில் மூன்று மீன் வால் எட்டிப் பார்த்தால் வரவு. ஒரு குறி சரியாக அமைந்தால் அதன் உறவுக்காரக் குறிகள் தானாகக் கிடைக்கின்றன என்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நம் நாட்டில் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் சின்னம் பார்த்துத்தான் வாக்களித்தார்கள். இன்றும் தேர்தல் ஆணையம் கொடுக்கும் சின்னங்களைக் கவனியுங்கள். பெரும்பாலானவை குடை, பானை, சைக்கிள் என்று வீட்டிலும் தெருவிலும் புழங்கும் பொருள்கள்.

கடற்கரையில் சரியாகப் படிக்கிறார்கள், மலையோரத்தில் தவறாகப் படிக்கிறார்கள்

காலிக் கூடையைக் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியிடம் காட்டினேன். "சந்தைக்குப் போறது" என்றார். நம் மாவட்டத்தில் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் கடல் மறைந்து மலை வந்துவிடும். கையில் இருக்கும் பொருளும் கூடவே மாறிவிடும். அவருக்குக் காத்திருப்பு என்றால், பட்டை கீறிய மரத்தில் கட்டிய சிரட்டையில், அதாவது கொட்டாங்கச்சியில், சொட்டுச் சொட்டாகப் பால் நிறைவது.

இரண்டு எழுத்துரு செய்ய வேண்டியதில்லை. ஒரே குறியெண்ணில் (கணினி ஒவ்வொரு எழுத்தையும் அடையாளம் காணும் எண்) கூடையை வைத்துவிட்டு, சிரட்டையை மாற்று வடிவமாக ஸ்டைலிஸ்டிக் செட் என்ற மாற்று வடிவத் தொகுதியில் போடுங்கள். இன்றைய எழுத்துருக் கோப்புகளின் பொது முறையான ஓப்பன்டைப்பில் எஸ்எஸ்01 முதல் எஸ்எஸ்20 வரை இப்படி 20 தொகுதிகளுக்கு இடம் இருக்கிறது. எனக்கு எஸ்எஸ்01 மலைத் தொகுதி. லிப்ரே ஆபீஸில் எழுத்துருப் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து எஸ்எஸ்01 என்று ஆங்கிலத்தில் தட்டினால் தாள் முழுவதும் மாறிவிடும். வேர்டில் ஃபான்ட் பெட்டியின் அட்வான்ஸ்டு பகுதியில் இதே வசதி உண்டு. மாறவில்லை என்றால் அந்த மாற்று விதியை இயல்பு எழுத்துமுறையின் கீழ், அதாவது டிஎஃப்எல்டி என்ற குறியின் கீழ் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். லத்தீனுக்கு மட்டும் பதிந்திருந்தால் தமிழ் வரிக்கு நடுவில் அது வேலை செய்யாமல் போகலாம்.

காலை என்று போட்டால் மாலை என்கிறார்கள்

இது நம் மண்ணுக்கே உரிய பிழை. கடல்மேல் பாதிச் சூரியனை வரைந்து 'தொடக்கம்' என்று வைத்தேன். சென்னையில் இருப்பவருக்குக் கடல்மேல் சூரியன் என்றால் விடியல் மட்டும்தான். கன்னியாகுமரியில் உதயமும் கடலில், அஸ்தமனமும் கடலில். மூன்று பேரிடம் காட்டினேன், இரண்டு பேர் "முடிஞ்சுபோச்சு" என்று படித்தார்கள். நல்ல செய்தி துக்கச் செய்தி ஆகிவிடுகிற அளவு பெரிய பிழை இது.

அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், உதவவில்லை. காலையில் மட்டும் நடக்கும் ஒன்றைச் சேர்த்தபோதுதான் தீர்ந்தது: சூரியனுக்குப் பக்கத்தில் கழுத்து நிமிர்த்திய சேவல். இரண்டு பொருள் தரும் குறிக்கு இப்படி ஒரு துணைப்பொருள் போதும். மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் சிறிய அளவில் எல்லாம் கலங்கி மை தீற்றியது போல ஆகிவிடும்.

'இல்லை' என்று போட்டால் 'கூடாது' என்று படிக்கிறார்கள்

தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்கோடு போட்டு 'தண்ணீர் இல்லை' என்று எழுதினேன். "குடிக்கப்படாதா? ஏன், மருந்து கலந்திருக்கா?" என்று கேட்டார் மாமி. சாலைப் பலகைகளிலும் ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் பார்த்துப் பார்த்து, மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு இறங்கும் கோடு 'கூடாது' என்றே மனதில் பதிந்திருக்கிறது. தமிழில் இல்லை வேறு, கூடாது வேறு, வேண்டாம் வேறு. ஒரே கோட்டின்மேல் மூன்றையும் ஏற்ற முடியாது.

நான் பிரித்த விதம் இது. கூடாது என்றால் சாய்கோடு. இல்லை என்றால் அதே பொருள், ஆனால் புள்ளிக்கோட்டில்: இருந்த இடம் தெரியும், பொருள் இருக்காது. வேண்டாம் என்பதற்கு விரித்து நீட்டிய உள்ளங்கை. புள்ளிக்கோட்டுக் குடத்தைப் பார்த்ததும் மாமி, "வத்திப்போச்சு" என்றார். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

'நிறைய' என்பதற்கு இதோடு சேர்த்து ஒரு வார்த்தை. பெரிய மீன் வரைந்தால் பெரிய மீன் என்றுதான் படிப்பார்கள். நிறைய மீன் என்று சொல்ல, ஒரே அளவு மீனைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் தொடங்கிய, புள்ளிவிவரங்களைப் படங்களால் காட்டும் ஐசோடைப் முறையின் அடிப்படை விதியே இதுதான். கெர்ட் ஆர்ன்ட்ஸ் அதற்காக ஆயிரக்கணக்கில் குறிகள் வரைந்தார். எழுத்துருவில் இது மிகவும் சுலபம், அதே விசையை நான்கு முறை தட்டினால் சரி.

சாய்கோடு படத்தின்மேல் விழாமல் பக்கத்தில் விழுகிறது

சாய்கோட்டுக் குறியின் அகலம் சுழியமாக இல்லை. எல்லாப் படங்களையும் 1000 அலகு (எழுத்துருச் செயலியின் அளவைக் கணக்கு) அகலத்தில் வைத்துக்கொண்டு, சாய்கோட்டுக்கு மட்டும் அகலம் 0 கொடுத்து, கோட்டை எதிர்மறைப் பக்கத்தில், அதாவது இடதுபுறம் கழித்தல் 1000 முதல் 0 வரை வரையுங்கள். படத்தைத் தட்டிவிட்டுக் கோட்டைத் தட்டினால் அது பின்னால் போய்ப் படத்தின்மேல் உட்காரும். படங்களின் அகலம் ஒன்றுக்கொன்று மாறினால் இது நடக்காது.

அச்சகத்தில் கட்டங்களாகவோ கண்டபடி எழுத்தாகவோ வருகிறது

பாமினியில் தட்டிய கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்கு இது பழைய வேதனை. தமிழ் எழுத்து எல்லாம் ஆங்கில எழுத்தாக மாறிச் சிதறிக் கிடக்கும். படக்குறிகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்தால் அதே கதி. எழுத்துரு இல்லாத இடத்தில் என் முதல் தாள் 'கேஜேஎக்ஸ்' என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடின் முதல் தளத்தில் தனிப் பயன்பாட்டுக்கென்று 6,400 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஈ-யில் தொடங்கும் ஈ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரை. அங்கே வையுங்கள். ஆனால் அதிலும் தமிழர்களான நாம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற, தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்16 குறியேற்றம் இதே பகுதியில், ஈ100 தொடங்கி ஈ3எஃப்எஃப் வரைக்குள்தான் இருக்கிறது. அந்த எழுத்துரு உள்ள கணினியில் உங்கள் குறி திடீரென்று ஒரு தமிழ் எழுத்தாகத் தெரியலாம். எஃப்020 முதல் எஃப்0எஃப்எஃப் வரை விங்டிங்ஸ் போன்ற பழைய சின்ன எழுத்துருக்களின் இடம். கடைசி இடமான எஃப்8எஃப்எஃப் ஆப்பிள் கருவிகளில் ஆப்பிள் சின்னமாகத் தெரியும். நான் ஈ500இல் தொடங்கினேன், இதுவரை மோதல் இல்லை.

இடம் சரியாக இருந்தும் எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம்தான் வரும். அதனால் அச்சகத்துக்குத் திறந்த கோப்பைக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் ஆக்கி, எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று அதன் பண்புகளில் பாருங்கள். பதியவில்லை என்றால் ஃபான்ட்ஃபோர்ஜில் ஃபான்ட் இன்ஃபோ, ஓஎஸ்/2 பகுதியில் பதிக்கும் அனுமதி தடைசெய்யப்பட்டிருக்கும், அதை இன்ஸ்டாலபிள் என்று மாற்றுங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் கோரல்டிராவில் கேட்டால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் + க்யூ தட்டிக் கர்வ் ஆக்குங்கள். அதன்பின் அது எழுத்து இல்லை, வெறும் கோடு, எங்கும் மாறாது. ஒரு பிரதியைக் கர்வ் ஆக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திருத்த வேண்டி வரும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் அனுப்ப முடியும். அங்கே தட்டும் செய்திக்குள் நம் எழுத்துருவைக் கொண்டுபோக வழியில்லை.

குடத்தின் வாய் அடைந்துவிடுகிறது, சக்கரத்துக்குள் ஓட்டை இல்லை

வெளிக்கோடும் உள்கோடும் ஒரே திசையில் சுற்றுகின்றன. டிடிஎஃப் எழுத்துருக் கோப்பில் வெளிக்கோடு கடிகாரச் சுற்றிலும் உள்கோடு எதிர்ச் சுற்றிலும் இருக்க வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜின் எலிமென்ட் மெனுவில் முதலில் ரிமூவ் ஓவர்லேப், அப்புறம் கரெக்ட் டைரக்‌ஷன். கோடு எல்லாம் தடித்த கறுப்புத் திட்டாக வந்தால் காரணம் வேறு: இங்க்ஸ்கேப்பில் வரைந்த கோட்டைப் பாதையாக மாற்றாமல் எடுத்து வந்திருப்பீர்கள். எஸ்விஜி ஆக்கும் முன் பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுங்கள்.

'வேலை' என்று தட்டினால் வேலைக்கான படம் வர வேண்டும், வரவில்லை

சொல்லைத் தட்டினால் படமாக மாறும் எழுத்துரு ஒரு நல்ல ஆசை. தட்டுகிறவர் குறியெண் எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஆங்கிலச் சொற்களுக்கு இது ஒரே நாளில் வேலை செய்தது. தமிழில் எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

ஒன்று, என் எழுத்துருவில் படங்கள் மட்டுமே இருந்தன, வ-வும் ல-வும் இல்லை. அப்படியானால் கணினி அந்தச் சொல்லை வேறொரு தமிழ் எழுத்துருவிடம் கொடுத்துவிடும், நம் விதியைத் தொடவே தொடாது. படங்களைத் தனி எழுத்துருவாக வைக்காமல், நோட்டோ சான்ஸ் தமிழ் போலத் திறந்த உரிமத்தில் உள்ள எழுத்துரு ஒன்றின் பிரதிக்குள் சேர்த்தேன். உரிமக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டு, விதியை லிகா என்ற, எழுத்துகளை இணைத்து ஒரே வடிவமாக்கும் பண்பில் எழுதியிருந்தேன். பல செயலிகளில் எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரல், தமிழ் போன்ற இந்திய எழுத்துகளுக்கு லிகாவை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. அதே விதியைக் கால்ட் என்ற, சூழலுக்கேற்ப வடிவம் மாற்றும் பண்புக்கு மாற்றி, எழுத்துமுறையாகத் தமிழுக்குரிய டிஎம்எல்2 குறியைக் கொடுத்தேன்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. நாம் தட்டும் வரிசை வ, ே, ல, ை. ஆனால் விதி ஓடும் நேரத்தில் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நகர்ந்துவிட்டிருக்கும். எழுத்துரு பார்ப்பது ே, வ, ை, ல என்ற வரிசையை. சிலேட்டில் கை எழுதும் அதே வரிசை! விதியையும் அப்படியே எழுத வேண்டும். கோ போன்றவை ே, க, ா என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். டு, கு போன்றவை எழுத்துருவுக்குள் ஏற்கெனவே ஒரே வடிவமாக இணைந்திருந்தால், விதியில் அந்த இணைந்த வடிவத்தின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியானபின் 'வேலைக்காரர்' என்று தட்டினேன். படமும் அதன் வாலில் 'க்காரர்' என்பதும் வந்தன. தமிழில் சொல் வால் பிடித்து நீளும், அதைத் தடுக்க முடியாது. இப்போது முன்னும் பின்னும் முக்காற்புள்ளி வைத்து :வேலை: என்று தட்டினால்தான் படம் வரும்படி விதியை மாற்றியிருக்கிறேன்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

சேவலின் கொண்டை வெட்டுப்படுகிறது என்றால் படம் வின் அசென்ட் என்ற, எழுத்துருவின் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணை உயர்த்துங்கள், இல்லை சேவலைக் குனிய வையுங்கள்.

திருத்திய எழுத்துருவை மறுபடி நிறுவியும் பழைய படமே வருகிறது என்றால் கணினி பழைய நினைவிலிருந்து எடுக்கிறது. லினக்ஸில் எஃப்சி-கேஷ் கட்டளை போதும். விண்டோஸில் சோதனைக் காலத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் பெயரோடு ஓர் எண் சேர்த்துவிடுவது நல்லது.

நீங்கள் வரைந்த சூரியன் போனில் மஞ்சள் எமோஜியாக மாறுகிறதா? யூனிகோடில் ஏற்கெனவே உள்ள சூரியனின் இடத்தில் வைத்திருப்பீர்கள். தனிப் பயன்பாட்டு இடத்துக்கு மாற்றுங்கள்.

மெல்லிய கோடுகள் ஜெராக்ஸில் காணாமல் போகின்றன. 1000 அலகுச் சதுரத்தில் 60 அலகுக் கோடு 12 புள்ளி அளவில் அச்சானால் கால் மில்லிமீட்டர்தான். மாமியின் கண்ணுக்கும் அது போதாது. நான் 90க்கு ஏற்றி, தாளை 28 புள்ளியில் அச்சடிக்கிறேன்.

வட்டமான குறிகள் சிறுத்தும் சதுரக் குறிகள் பெருத்தும் தெரிந்தால், அளவுகோலை நம்பாதீர்கள். சதுரம் 760 அலகு என்றால் வட்டத்துக்கு 850 கொடுத்தால்தான் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். படங்கள் தமிழ் வரிக்கு மேலே மிதந்தால் அடிக்கோட்டுக்குக் கீழே 100 அலகு போல இறக்குங்கள். க-வின் நடுவும் படத்தின் நடுவும் ஒரே மட்டத்தில் வந்தால் சரி.

பார்வையற்றவரின் திரைவாசிப்பான் தனிப் பயன்பாட்டுக் குறிகளுக்கு எந்தச் சொல்லும் தராது. அவர்களும் படிக்கும் பக்கம் என்றால் படத்தின் அருகில் தமிழ்ச் சொல்லையும் எழுதிவிடுங்கள்.

ஒரு கருத்துக்குப் படமே அமையவில்லை

துக்கம். சார்லஸ் பிளிஸ் 1949இல் வெளியிட்ட குறிமொழியில் உணர்ச்சிக்கு அடிப்படை இதய வடிவம், கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் வருத்தம். பேச முடியாத குழந்தைகளுக்கு 1971 முதல் டொரண்டோவில் அந்தக் குறிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தால் அது வேலை செய்யும். நான் கற்றுக்கொடுக்காமல் காட்டினேன். மாமி, "நெஞ்சு வலியா? யாருக்கு?" என்று பதறிவிட்டார். உடைந்த இதயம் போட்டால் பேரப்பிள்ளைகள் காதல் தோல்வி என்கிறார்கள். அணைந்த குத்துவிளக்கு ஒரு வீட்டுக்குப் பொருந்தும், மெழுகுவர்த்தி பக்கத்து வீட்டுக்கு. கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கும் ஊருக்கு ஒரே குறியாக இரண்டுமே நிற்கவில்லை. காலி நாற்காலியை ஓய்வு என்று படித்தார்கள்.

இப்படிச் சிக்கும்போது வலுக்கட்டாயமாக ஒன்றை நுழைக்காதீர்கள். தவறாகப் படிக்கப்படும் குறி பக்கத்தில் உள்ள நல்ல குறிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். குறியெண்ணை ஒதுக்கி, வடிவத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். என் எழுத்துருவில் ஈ52ஏ அப்படித்தான் காலியாக இருக்கிறது. அந்தச் செய்தி வரும் மாதம் நான் தாள் அனுப்புவதில்லை, முட்டத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.